ஈரம் இறங்காத விரிப்பு

கச்சால்
12 ஜூன் 2023

தம்பி தேவேந்திரனுக்கு,

அழகம்மா அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி நடிக்காதே. இத்தனை வருஷம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வருகிறதே, யாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களோ என்று பதறவும் வேண்டாம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் மச்சான் விழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

மாசி மாதம் கிணற்றடியில் வாதம் வந்து விழுந்தார். வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. பேச்சு குழறுகிறது, அதிகாரம் குழறவில்லை. கஞ்சியில் உப்பு கூடிப்போனால் இடக்கையால் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். அதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தது மெயின்லேண்டில், அவள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நானும் அவரும்தான்.

போன் போட்டுப் பேசக்கூடாதா என்று கேட்பாய். இந்தத் தீவில் டவர் கிடைப்பது கப்பல் ஜெட்டிப் பக்கம்தான். அங்கே நின்று பேசினால் கப்பலுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். இது நாலு பேர் கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பழனிசாமி மாஸ்டர் லீவுக்கு அங்கே வரும்போது கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அவருக்கு மூத்திரம் நிற்பதில்லை. படுக்கையிலேயே போய்விடுகிறது. நான் துடைக்கிறேன், மாற்றுகிறேன், முகம் சுளிப்பதில்லை. ஆனால் உன் மச்சான் ஒச்சப்பன் யார் என்று உனக்குத் தெரியுமே. பெண்டாட்டி துணி மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். போன மாதத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். குடித்தால்தானே நனையும் என்று கணக்கு. தேத்தண்ணி கொடுத்தால் அரை டம்ளரோடு போதும் என்கிறார். தேத்தண்ணி என்றால் உயிரை விடுகிற மனுஷன்! இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும், பிறகு போர்ட் பிளேருக்குத்தான் தூக்கிப்போக வேண்டும் என்று ஹெல்த் சென்டர் சிஸ்டர் சொல்கிறாள். அவரோ, "கப்பல்ல ஏத்துனா கடல்ல குதிச்சுருவேன்" என்கிறார். ஒரு கால் வராதவர் எப்படிக் குதிப்பாரோ.

மெத்தை நனையாமல் கீழே விரிக்கிற மாதிரி ஏதோ வருகிறதாமே. இங்கே கடையில் இல்லை. ஹெல்த் சென்டரில் கொஞ்சம் கொடுத்தார்கள், தீர்ந்துவிட்டது. ரப்பர் காட்டுக்குள் குடியிருந்துகொண்டு ஒரு ரப்பர் விரிப்புக்கு உன்னிடம் கேட்கிறேன், சிரிப்பாகத்தான் இருக்கும். நம் தோட்டத்து ஷீட்டைப் போட்டுப் பார்த்தேன். நாற்றமும் தாங்கவில்லை, முதுகில் ஒட்டவும் செய்கிறது.

அனுப்பினால் உன் பெயர் இங்கே வராது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்றுதான் சொல்வேன். நீ அனுப்பியது என்று தெரிந்தால் வெறும் பலகையில் படுத்தாலும் படுப்பார்.

அக்கா
அழகம்மா


ஷாதிபூர்
போர்ட் பிளேர்
24 ஜூன் 2023

அக்கா,

மாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை, வீட்டுக்கு வந்து பெண்டாட்டி மீனாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மச்சான் விழுந்தார் என்பது எனக்கு நம்பிக்கையாகவே இல்லை. ரப்பர் பால்வெட்டுக் கத்தியோடு அவர் மரம் மரமாக நடக்கிற வேகத்துக்கு நாங்கள் இளவட்டங்கள் ஓடவேண்டியிருக்கும். பால் நிரம்பிய வாளியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் வழுக்காமல் இறங்குவாரே. அந்த ஆளா?

ஆனால் அக்கா, கோபம் எனக்கும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நிரந்தர வேலையை விட்டுவிட்டு மெத்தை தைக்கப் போகிறேன் என்றதும் அவர் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "ஆட்டோ சீட்டுத் தைக்கப் போறவன் இனி என் வீட்டுப் படி ஏறவேணாம். நீ தைக்கிறது நாலு நாளைக்குத் தாங்குமா?" அந்தத் தோட்ட வேலைக்காக அவர் எத்தனை பேர் காலைப் பிடித்தார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எதிர்த்துப் பேசாமல் கப்பல் ஏறினேன். புறப்படுவதற்கு முன்னால் அவர் நாற்காலிக்கு ஒரு குஷன் தைத்து வைத்துவிட்டு வந்தேனே, அது என்னவாயிற்று? கடலில் எறிந்திருப்பார்.

சரி, அது கிடக்கட்டும். இந்தப் பார்சலில் வைத்திருப்பது முதல் தர ரெக்ஸின். படகு சீட்டுக்குப் போடுவது. கடலே அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. கட்டிலுக்கு அளந்து வெட்டி ஓரம் அடித்திருக்கிறேன். கூடவே பெரியவர்களுக்கான டயபரும் ஒரு கட்டு. பந்தோபஸ்தாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன், ரெக்ஸின் விஷயத்தில் உன் தம்பியை யாரும் ஏமாற்ற முடியாது.

தேவேந்திரன்


கச்சால்
9 ஜூலை 2023

தம்பி,

உன் ரெக்ஸினில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்பது உண்மை. எல்லாம் மேலேயே நின்றது. அவர் அதிலேயே ஊறிக் கிடந்தார். நீ படகுக்கு அனுப்பினாயா, மனுஷனுக்கு அனுப்பினாயா?

மேலே ஒரு துணி போட்டேன். அது நனைந்து சுருண்டு, ரெக்ஸின் வேர்த்து, முதுகுத்தண்டு முடிகிற இடம் சிவந்துவிட்டது. சிஸ்டர் வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுக்கிறது, இப்போதைக்குப் புண் இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் தோல் கழன்றிருக்கும் என்றாள். ஈரமும் சூடும் சேர்ந்தால் படுக்கைப்புண் வருமாம். அவரை அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். ரெக்ஸினைச் சுருட்டி விறகு மேலே போட்டுவிட்டேன், விறகு நனையாமல் இருக்கிறது. அந்த மட்டுக்கும் உனக்குப் புண்ணியம்.

டயபரைக் கட்டிப் பார்த்தேன். இடக்கையாலேயே பிய்த்து எறிந்துவிட்டார். "நான் என்னா கைப்பிள்ளையா?" என்று கேட்டார். வெளியே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சிஸ்டர் சொன்னது, படுக்கையில் விரிக்கிற பேடுதான் வேண்டுமாம். மேலே துணி மாதிரி இருக்கும், நடுவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடியில் விடாது. மேலே இருப்பது உலர்ந்தே இருக்கவேண்டுமாம், அதுதான் முக்கியமாம். தெரிந்த கடையில் விசாரித்து அனுப்பு. உன் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு விசாரி.

அவர் நேற்றும் தண்ணீர் தொடவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டார்.

அழகம்மா


ஷாதிபூர்
21 ஜூலை 2023

அக்கா,

திட்டியது போதும். மீனா உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாளாகப் படகு சீட்டு என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

அபர்தீன் பஜாரில் மெடிக்கல் கடைக்குப் போனேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கடையில் தெரிந்த முகம் இரண்டு இருந்தன, என் கடைக்குக் குஷன் மாற்ற வருகிறவர்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அங்கே நீ கையால் துடைக்கிறாய், இங்கே நான் பெயர் சொல்லிக் கேட்கக் கூசுகிறேன். உள்ளே போய்ச் சத்தமாகவே கேட்டேன்.

கடைக்காரர் பெங்காலி, பொறுமைசாலி. "மரீஸ் மோட்டா ஹை யா பத்லா?" என்று கேட்டார், நோயாளி குண்டா ஒல்லியா என்று. மச்சான் இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றது ஒரு மாதிரி இருந்தது அக்கா. நெடுநெடு ஆள் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வருகிற பெரிய அளவு எடு, சின்னது நழுவிப்போகும் என்றார். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து போடக்கூடாதாம், சூடு ஏறுமாம். ஒன்று போதும், நனைந்தால் எடுத்துவிடவேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் சும்மா விடவில்லை. ஒன்றைக் கட்டிலில் விரித்து, மீனாவை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதன் மேல் லுங்கியோடு படுத்தேன். இன்னொரு தரம் படகு சீட்டு என்று நீ எழுதக்கூடாதல்லவா. பாதி மதியம் படுத்திருந்தேன். முதுகு நனையவில்லை. ஆனால் அந்தப் பாதி மதியத்திலேயே எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. மச்சான் மாசியிலிருந்து படுத்திருக்கிறார். நீ அவர் பக்கத்திலேயே இருக்கிறாய். சும்மா சொல்லவில்லை, உன்னை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பெரிய அட்டைப்பெட்டி நிறைய அனுப்புகிறேன். மழை பிடித்துக்கொண்டால் கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பார்த்துச் செலவு செய்.

தேவேந்திரன்


கச்சால்
17 ஆகஸ்ட் 2023

தம்பி,

பெட்டி வந்து சேர்ந்தது. நல்ல சாமான். சிவப்பு மறைந்துவிட்டது. அதற்காக உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். ஆனால் மீதியையும் கேள்.

அது சரசரக்கிறது. அவர் அசைந்தால் பாலித்தீன் பை மாதிரி சத்தம். யாராவது பார்க்க வந்தால் அசையாமல் கட்டையாகக் கிடக்கிறார், சத்தம் கேட்டுவிடுமாம். ஆஸ்பத்திரி நீல நிறம் வேறு, போர்வைக்கு வெளியே தெரிந்தால் இடக்கையால் உள்ளே தள்ளுகிறார். ஒரு பக்கமாகத் திரும்பினால் சுருண்டு முதுகுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நனைந்தாலும் மெத்தைக்குப் போகாது என்று நான் படித்துப் படித்துச் சொல்கிறேன். "இந்தக் காயிதமா தாங்கப்போவுது?" என்கிறார்.

மழையில் கப்பல் வரவில்லை. பேடு தீர்ந்துகொண்டே வந்தது. நான் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. நனைந்ததைத் துவைத்துப் போட்டால் என்ன என்று ஊறவைத்துவிட்டேன். காயவைக்க வெயில் ஏது? நமக்குத்தான் தெரிந்த இடம் இருக்கிறதே, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கூடம். மழைக்காலத்தில் பள்ளிக்கூட யூனிபாரத்தைக்கூட அங்கேதானே தொங்கப்போட்டு வளர்த்தேன் உன்னை. கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டு வந்தேன்.

போய்ப் பார்த்தால் எல்லாம் ஊதி வெடித்து, உள்ளே இருந்தது கொழகொழவென்று ஷீட்டின் மேல் ஒழுகிக்கிடக்கிறது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் திரளுமே, அதே மாதிரி. அடிப்பக்கம் உருகிக் கம்பியில் ஒட்டிவிட்டது. ஷீட் பார்க்கிற முருகானந்தம், "என்னாங்க அக்கா, புது மரமா வெட்டுறீங்க?" என்று கேட்டான். கம்பியைச் சுரண்டித் துடைத்து முடிப்பதற்குள் என் கை விட்டுப்போயிற்று.

சிரித்தாயா? இப்போது கேள். போன வாரம் அவருக்குக் குளிர்காய்ச்சல். மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி போயிற்று. சிஸ்டர் மாத்திரை கொடுத்தாள், இறங்கிவிட்டது. ஆனால் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காவிட்டால் இது திரும்ப வரும், அடுத்த தடவை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, போர்ட் பிளேருக்கு எழுதிவிடுவேன் என்றார். உன் மச்சான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். டாக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டு, "அழகு, இந்த வூட்டுலயே இருந்துர்றேன்" என்றார். அதட்டவில்லை. கேட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

சிலோனிலிருந்து ஒரு தடவை பிடுங்கி இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். சுனாமி வந்து ஒரு தடவை பிடுங்கியது. இந்த வீட்டிலிருந்தும் தூக்கிப்போனால் அவர் திரும்ப மாட்டார், எனக்குத் தெரியும். சத்தம் போடாத, சுருளாத, துவைக்கிற விரிப்பு எங்கேயாவது கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுது.

அழகம்மா


பத்துபஸ்தி, கடையிலிருந்து
11 செப்டம்பர் 2023

அக்கா,

கிடைக்கவில்லை. அதனால் தைத்துவிட்டேன்.

இங்கே கடைகளில் துவைக்கிற விரிப்பு இருந்தது, ஆனால் எல்லாம் சின்ன அளவு. மெயின்லேண்டிலிருந்து வரவழைக்கலாம், அதற்குள் உன் டாக்டர் எழுதிவிடுவார். மெத்தை உறைக்கு என்று சென்னையிலிருந்து எனக்கு ஒரு துணி வரும். தொட்டால் சாதாரணத் துணி, ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாகப் பூச்சு இருக்கும். காற்று போகும், தண்ணீர் போகாது. ரெக்ஸின் மாதிரி வேர்க்காது, சரசரக்காது. இத்தனை வருஷமாக அது என் அலமாரியில்தான் இருந்தது. பெங்காலிக் கடைக்குப் போய்ப் பேடை வாங்கி நானே அதில் படுத்துப் பார்த்த பிறகுதான் அது எதற்கு உதவும் என்று மண்டையில் ஏறியது.

அடியில் அந்தத் துணி. நடுவில் கனமான டவல் துணி. மேலே மெத்தென்ற பருத்தி. முதல் விரிப்பைச் சீட்டுத் தைப்பது போலக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாக ஓட்டினேன். பார்க்க அத்தனை அழகு. மீனா செம்பை ஊற்றினாள், நான் படுத்தேன். விரிப்பைப் புரட்டிப் பார்த்தால் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிற்கிறது. சீட்டுக்கு அழகு, இதற்கு வினை! பிரித்துப்போட்டுவிட்டு, இரண்டாவதில் நடுவில் ஊசியே படாமல் ஓரத்தில் மட்டும் அடித்தேன். அதில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. மீனா இன்னொரு செம்பும் ஊற்றிப் பார்த்தாள், அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

இரண்டு பக்கமும் நீளமாக வால் விட்டிருக்கிறேன். மெத்தைக்கு அடியில் செருகிவிடு, அவர் எப்படித் திரும்பினாலும் சுருளாது. மேல்துணி பச்சைக் கட்டம், மச்சான் லுங்கி மாதிரி. பார்க்கிறவர்களுக்குப் படுக்கை விரிப்பு என்றுதான் தெரியும். ஒன்று கட்டிலில், ஒன்று தண்ணீரில், ஒன்று கொடியில் என்று மழைக்கும் சேர்த்து மாற்றிக்கொள்கிற அளவுக்கு வைத்திருக்கிறேன். சோப்புப் போட்டு அலசு, வாசனைக்கு ஊற்றுகிற திரவம் மட்டும் வேண்டாம், துணி உறிஞ்சாது. புகைக்கூடத்துப் பக்கமே கொண்டுபோகாதே, கும்பிட்டுக் கேட்கிறேன். ஃபேனுக்கு அடியில் காயட்டும்.

ஒன்று சொல்கிறேன் அக்கா. குஷன் ஸ்பாஞ்சை மெல்லிசாகச் சீவுவதில் என்னை அடிக்க இந்தப் போர்ட் பிளேரில் ஆள் இல்லை. எங்கே கற்றாய் என்று கேட்பார்கள். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து, ரப்பர் மரத்துப் பட்டையை எவ்வளவு மெல்லிசாக வெட்டவேண்டும், மரத்தில் காயம் படாமல் கத்தி எப்படித் திரும்பவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அந்தக் கைதான் இது. அவர் வெட்டிய மரம் எதிலும் காயத்தழும்பு பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் அப்படி ஒரு கை அவருக்கு மட்டும்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்றே சொல். அவர் தண்ணீர் குடித்தால் போதும், என் பெயர் எதற்கு?

தேவேந்திரன்


கச்சால்
3 அக்டோபர் 2023

என் தம்பி தேவேந்திரனுக்கு,

விரிப்பு வந்து சேர்ந்த அன்றே போட்டேன். ஹெல்த் சென்டரில் புதுசாக வந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் அசைந்து பார்த்தார். சத்தம் இல்லை. இன்னொரு தரம் அசைந்தார். முருகானந்தம் பார்க்க வந்தபோது ஒருக்களித்துப் படுத்து அவனோடு ஷீட் விலையைப் பற்றிச் சண்டை போட்டார். கட்டையாகக் கிடக்கவில்லை.

ஆனால் தண்ணீர் மட்டும் அரை டம்ளரைத் தாண்டவில்லை. நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். உன் வேலையும் வீண்தானோ என்று நினைத்தேன்.

நாலைந்து நாளாக இடக்கை விரிப்பின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தது. மூலையைப் பிடிப்பார், விரலால் நிமிண்டுவார், விடுவார். நான் கண்டுகொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுபோனபோது கேட்டார், "இது எந்த ஆஸ்பத்திரில குடுத்தது?" நான் பழைய பொய்யையே சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்காரன் மூலைக்கு மூலை ரெட்டைத் தையல் ஓட்டி மடிச்சு அடிக்க மாட்டான் அழகு" என்றார்.

டம்ளரைக் கட்டிலடியில் வைத்தேன். விரிப்பை உருவி எறியப்போகிறார், பலகையில்தான் இனி படுப்பார் என்று நினைத்தேன்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், நான் பதில் எழுதவில்லை. அந்தக் குஷன். கடலில் எறியவில்லை தம்பி. அவர் நாற்காலியில்தான் இருக்கிறது. விழுகிற நாள் வரைக்கும் தினமும் வேலை முடிந்து வந்து அதில்தான் உட்கார்வார். மேல்துணி நைந்துபோனதும் அதன் மேலேயே என்னைப் புது உறை போடச் சொன்னார், உன் தையலைப் பிரிக்கவிடவில்லை. உன் ரெட்டைத் தையல் மூலையை விரலால் உருட்டிக்கொண்டேதான் ரேடியோ கேட்பார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த விரலை நீயோ நானோ ஏமாற்ற முடியுமா?

உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலில் படகு சீட்டு அனுப்பியது, நீ லுங்கியோடு ஈரத்தில் படுத்துப் பார்த்தது, ஊசி ஓட்டை, எல்லாம். உன் கடைசிக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ஈரத்தில் படுத்தாய் என்றபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் எட்டிப்பார்க்கவில்லை.

திரும்பும்போது கையை நீட்டினார். டம்ளரைக் கொடுத்தேன். அரையோடு நிறுத்துவார் என்று வாங்கிக்கொள்ள நின்றேன். முழுசும் குடித்தார். காலி டம்ளரை மறுபடி என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ஊத்து" என்றார்.

நான் விரிப்பைப் பார்த்தேன்.

"என்னா பாக்குற? தேவேந்திரன் தைச்சதுதானே. தாங்கும்."

ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டு, அந்தக் கைதான் இது என்று நீ எழுதியிருந்ததை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

விடிந்ததும் விரிப்பைத் தூக்கி மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அழகம்மா